சதக்கத்துல்லா வீட்டுக்குக் கொண்டுவந்த சேதிகள்

கொழும்பிலிருந்து சதக்கத்துல்லா ஒரேயடியாக ஊர் திரும்பியபோது அவருடைய மகள் ஹமீதா பானு ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். அதற்கு முன் அவர் கீழக்கரைக்கு வந்து போனதெல்லாம் விருந்தாளி வரவுதான். பெட்டி நிறைய சோப்பும் சீட்டித் துணியுமாக வந்து இறங்குவார். பிள்ளைக்கு முகம் பழகுவதற்குள் தனுஷ்கோடிக்குப் போய்க் கப்பலேறிவிடுவார். ஐம்பத்தாறாம் வருஷம் அந்தப் போக்குவரத்து நின்றது. பெர்மிட்டை இனிமேல் புதுப்பிப்பதற்கில்லை என்று இலங்கைச் சர்க்கார் கைவிரித்துவிட்டது. புறக்கோட்டையில் ஒரே ஜவுளிக்கடையில் வேலை பார்த்த கீழக்கரைக்காரர்கள் எல்லோரும் ஒன்றாக மூட்டை கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

மற்றவர்கள் வந்த வேகத்தில் ஊரோடு கலந்துவிட்டார்கள். சதக்கத்துல்லாவுக்கு அது கைவரவில்லை. கொழும்புக் கடையில் முன்பக்கம் நின்று வாடிக்கையாளரோடு பேச வேறு ஆட்கள் இருந்தார்கள். அவருக்கு வாய்த்தது சரக்கு அடுக்கிவைக்கும் பின்பக்கத்துக் கிட்டங்கி. பேல் பிரிப்பது, துணியை ரகம் பார்த்து அடுக்குவது, முன்னாலிருந்து குரல் வந்தால் எடுத்துக் கொடுப்பது, அவ்வளவுதான். மீசை அரும்பும் வயதில் உள்ளே போனவர், தாடியில் நரை விழுந்த பிறகு வெளியே வந்திருக்கிறார். நடுவில் அந்தக் கிட்டங்கியில் அவர் பேசிய பேச்சையெல்லாம் சேர்த்தாலும் ஒரு கல்யாண வீட்டின் ஒரு காலைப் பொழுதுக்குக் காணாது.

கீழக்கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து இருக்கவேண்டும். ஆகவே சதக்கத்துல்லா இருந்தது மனைவி காலிதாவின் வீட்டில். காலிதா 'காக்கா' என்று கூப்பிடும் அவளுடைய அண்ணன் ஹாஜா முகைதீன் அதேபோல் தன் மனைவி வீட்டில், இரண்டு தெரு தள்ளி இருந்தார். ஆனால் தங்கையை எட்டிப் பார்க்காமல் ஒரு நாளும் கழியாது. ஊரில் கூட்டம் என்றால் அவர்தான் பேச்சாளர். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வீட்டுக்குள் கலகலப்பு வந்துவிடும். அவர் எழுந்து போனதும் அதுவும் கூடவே போய்விடும்.

சதக்கத்துல்லா பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஜவுளிக்கடை போட்டார். துணியை அவரைப்போல் தொட்டுப் பார்த்தே தரம் சொல்ல ஆள் இல்லை. ஆனால் வந்தவர்களுக்கு முன்னால் துணியை விரித்துவிட்டுப் பேசாமல் நிற்பார். அவர்கள் கொஞ்ச நேரம் துணியைப் பார்ப்பார்கள், கொஞ்ச நேரம் அவரைப் பார்ப்பார்கள், பிறகு பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள்.

ஒருநாள் மஃரிப் தொழுதுவிட்டு வீட்டுக்குள் நுழைந்தவர், உள்ளே மகளின் குரல் கேட்டு நடையிலேயே நின்றார்.

"உம்மா, இப்ப நான்தான் வாப்பா. நீங்க சோறு வைங்க." ஹமீதா பானு தொண்டையைக் கனைத்துக் குரலைக் கனமாக்கிக்கொண்டாள். "பள்ளிக்கூடம் போனியா?" பிறகு தன் சொந்தக் குரலில், "போனேன் வாப்பா." மறுபடி கனத்த குரலில், "ம்." கொஞ்சம் இடைவெளி. "மீனு யாரு வாங்கியாந்தா?" "மாமா வாங்கியாந்தாக வாப்பா." "ம்." அதற்குப் பிறகு பெரிதாக ஒரு கொட்டாவி.

காலிதா சிரித்தாள். அடக்கப் பார்த்து, முடியாமல், வாய்விட்டுச் சிரித்தாள். "ஏய், வாப்பா காதுல விழுந்துறப் போகுது" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தாள்.

சதக்கத்துல்லாவுக்குக் கோபம் வரவில்லை. மகள் நடித்தது அச்சு அசல் அவரேதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவரை உறுத்தியது அந்தச் சிரிப்பு. காலிதாவுக்கு இப்படி ஒரு சிரிப்பு உண்டு என்பதே அவருக்கு இன்றைக்குத்தான் தெரியும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அதை ஒரு தடவைகூட அவர் வரவழைத்ததில்லை. சத்தம் காட்டாமல் திரும்பித் தெருமுனை வரைக்கும் நடந்துவிட்டு, பிறகு செருப்புச் சத்தம் கேட்கும்படி வந்தார்.

அன்றைக்கு ஒரு முடிவு செய்துகொண்டார். மீன் வாங்கி வருவதுபோல, பூ வாங்கி வருவதுபோல, தினம் ஒரு சேதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவது.

மறுநாள் அதற்கு ஒரு குறையும் இருக்கவில்லை. ராமநாதபுரம் பஸ்ஸில் ஒரு ஆடு வந்து இறங்கியது. கண்டக்டர் கூத்தையாவுக்கும் ஆட்டுக்காரிக்கும் ஏறும்போது தொடங்கிய வாக்குவாதம் இறங்கிய பிறகும் ஓயவில்லை; பேச்சு காதில் விழாவிட்டாலும் அதைக் கடைக்குள்ளிருந்தபடியே பார்த்தார். சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்ததும் மகளைப் பார்த்து, "இன்னைக்கு பஸ்ல ஒரு ஆடு வந்துச்சு" என்றார்.

ஹமீதா பானு நிமிர்ந்தாள். "அப்புறம்?"

"எறங்கிப் போச்சு."

ஹமீதா பானு இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தாள். காலிதாவும் கரண்டியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தாள். வரவில்லை. சதக்கத்துல்லா சோற்றைப் பிசைந்தார். கண்ணால் பார்க்கும்போது அத்தனை வேடிக்கையாக இருந்தது, வாயில் வரும்போது எங்கே போனது என்று அவருக்கே விளங்கவில்லை.

மறுநாள் பஸ் வந்ததும் கடையை அப்படியே விட்டுவிட்டுக் கூத்தையாவிடம் போனார். "நேத்து அந்த ஆட்டுக்காரம்மா என்னதான் சொன்னாக?"

கூத்தையா வியப்போடு பார்த்தார். சதக்கத்துல்லா மரைக்காயர் தாமாக வந்து பேசுவது இதுதான் முதல் தடவை. அதனாலோ என்னவோ, டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, ஆட்டின் நிறத்திலிருந்து ஆரம்பித்து, அந்தம்மாள் கையை ஆட்டிய விதம் வரைக்கும் நடித்தே காட்டிவிட்டார்.

அன்று சாயங்காலம் சதக்கத்துல்லா மறுபடி ஆரம்பித்தார். "நேத்துச் சொன்னேனே, ஆடு..."

"அதான் எறங்கிப் போச்சே வாப்பா."

"எறங்குறதுக்கு முன்னாடி நடந்ததைச் சொல்லலையே. செவல ஆடு. கழுத்துல மணி. கூத்தையா, 'ஆட்டுக்கு டிக்கெட் எடு ஆத்தா'ன்னாரு. அந்தம்மா, 'இதுக்கு எதுக்குய்யா டிக்கெட்டு, இது என்ன ஒக்காரவா போகுது? நிக்கத்தான போகுது'ன்னாக. 'நிக்கிறவுகளும் டிக்கெட் எடுக்கணும்'னாரு இவரு. அதுக்கு அந்தம்மா, 'அப்பச் சரி, அதை எறக்கிவிட்டுர்றேன். நான் சன்னல் வழியாக் கயித்தைப் பிடிச்சுக்கிறேன், அது பின்னாடி ஓடி வரட்டும். ஆனா ஒண்ணு, அது முன்னாடி போயிருச்சுன்னா ஒன் வண்டிக்குத்தான் மானக்கேடு'ன்னாக."

ஹமீதா பானுவுக்குப் புரையேறிவிட்டது. காலிதா அவள் தலையில் தட்டிக்கொண்டே முந்தானையால் வாயைப் பொத்தினாள், தோள் குலுங்கியது. முந்தாநாள் நடையில் நின்று ஒட்டுக்கேட்ட சிரிப்பில் பாதியாவது இருக்கும். பாதி போதும் என்று இருந்தது சதக்கத்துல்லாவுக்கு.

"கடைசில டிக்கெட் எடுத்தாகளா, இல்லையா?" என்றாள் மகள், தண்ணீர் குடித்து முடித்து.

அவருக்குத் தெரியவில்லை. "நாளைக்குக் கேட்டுட்டு வாரேன்."

இப்படித்தான் அது பழக்கமாயிற்று. காலையில் கடை திறக்கப் போகிற பாதையிலேயே கண் தேட ஆரம்பித்துவிடும். கொளுத்துகிற வெயிலில் ஊர் ஊராகக் குடை ரிப்பேர் செய்கிறவர் தனக்கென்று ஒரு குடை இல்லாமல் நடந்து வந்தது ஒருநாள். வலையில் அகப்பட்ட நண்டு ஒன்று விற்க வந்தவரின் சட்டை நுனியைக் கவ்விக்கொண்டு விடாமல் தொங்க, அதோடே அவர் விலை பேசிக்கொண்டிருந்தது ஒருநாள். எல்லாம் நன்றாக அமைந்துவிடவில்லை. சிலதை முடிவை முதலில் சொல்லிக் கெடுத்தார். சிலதை நீட்டி நீட்டி, மகள் தூங்கி விழும் வரைக்கும் சொன்னார். எதை விட்டுவிட்டால் கதை நன்றாயிருக்கும் என்பது சொல்லிச் சொல்லித்தான் பிடிபட்டது. பெரிய விஷயம் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு ஆள் சொன்ன சொல்லை அவர் சொன்னபடியே கொண்டுவந்து சேர்த்தால் போதும், அந்த ஆளே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.

அதைவிட முக்கியமான ஒன்று கடையில் பிடிபட்டது. சேதி வேண்டுமானால் கேட்கவேண்டும். துணி எடுக்க வந்தவர்களிடம், "என்ன விசேஷம்? எந்த ஊருலேருந்து வாரீக?" என்று கேட்க ஆரம்பித்தார். அப்படிக் கேட்டதும் மனிதர்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். யாராவது கேட்கமாட்டார்களா என்று எல்லோருக்குள்ளும் ஒரு சேதி காத்துக்கொண்டிருக்கிறது. வந்தவர்கள் பக்கத்துக் கடைக்குப் போவதும் நின்றுபோனது.

டீக்கடையிலும் அவருக்கு ஒரு இடம் உண்டாயிற்று. ராமநாதபுரம் பஸ் கிளம்பும் வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள், "மரைக்காயரே, இன்னைக்கு என்ன?" என்று கேட்பார்கள். வாழ்நாள் முழுக்கக் கிட்டங்கி இருட்டில் இருந்தவருக்கு அது போதை மாதிரி இருந்தது. நாலு பேர் தன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிற அந்த நேரத்துக்காகவே பொழுது விடிவதுபோலத் தோன்றியது.

சிக்கல் கிராமத்திலிருந்து சோணையம்மாள் என்று ஒரு பெண்மணி கடைக்கு வருவாள். மிளகாய்த் தோட்டக்காரி, நடுத்தர வயது, வெடுக்கென்று பேசுகிறவள். ஒருமுறை சேலை பார்த்துக்கொண்டிருந்தவளிடம் வழக்கம்போல், "யாருக்கும்மா சேலை?" என்று கேட்டார். அவள் கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பிறகு சொன்னாள். கட்டிக்கொடுத்த மகள் கோபித்துக்கொண்டு வந்துவிட்டாளாம். காரணம், மருமகன் தூக்கத்தில் வேறொரு பெண்ணின் பேரைச் சொன்னானாம். விசாரித்துப் பார்த்தால் அது அவன் வளர்த்த பசுமாட்டின் பேர். மகள் நம்ப மறுக்கிறாள். இந்தச் சேலையைக் கட்டிவிட்டாவது திருப்பி அனுப்பிவைக்கலாம் என்று பார்க்கிறாள் தாய். சொல்லும்போதே சோணையம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

சதக்கத்துல்லா அதை வீட்டில்கூடச் சொல்லவில்லை. ஆனால் மறுவாரம் டீக்கடையில், "இன்னைக்கு என்ன?" என்று கேட்டபோது அவர் கை வெறுமையாக இருந்தது. எதிரே முகங்கள் காத்திருந்தன. அந்த நேரத்தில் பசுமாட்டுக் கதை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பேரைச் சொல்லவில்லை, சிக்கல் பக்கம் என்று மட்டும் சொன்னார். பெஞ்சே அதிரும்படி சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவர் சிக்கல்காரர் என்பது அவருக்குத் தெரியாது.

அடுத்த முறை சோணையம்மாள் வந்தபோது கூடையை இறக்கவில்லை. படிக்குக் கீழேயே நின்றாள்.

"ஒங்கிட்ட எதுக்குச் சொன்னேன் தம்பி? நெஞ்சு கனத்துக் கெடந்துச்சு, கொஞ்சம் எறக்கி வச்சேன். அதைத் தூக்கிக்கிட்டுப் போயித் தெருவுல வச்சுட்டியே. எம் மருமகன் நடந்து போனா எளவட்டப் பயலுக மாடு மாதிரிக் கத்துறாங்கெ. இனிமே அவன் எப்படி எம் வீட்டு வாசலை மிதிப்பான்?"

பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள். அன்று அவர் கடையைச் சீக்கிரம் பூட்டினார். வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் ஹமீதா பானு ஆவலாகப் பார்த்தாள். "பள்ளிக்கூடம் போனியா?" என்றார். அவ்வளவுதான். மறுநாளும் அப்படியே. டீக்கடைப் பக்கம் போவதை விட்டுவிட்டார். வாய் திறந்தால் இப்படித்தான் ஆகும், தனக்குக் கிட்டங்கிதான் சரி என்று நினைத்தார்.

காலிதா அந்த வாரம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் போய்வந்து அவர் சாய்ந்திருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என்ன நடந்துச்சு? எங்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

அவர் சொன்னார். ஒளிக்காமல், தனக்குப் பெஞ்சு ஆட்களின் சிரிப்பு எவ்வளவு பிடித்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

காலிதா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, "அடுத்த வீட்டுப் பண்டத்தைக் கேக்காம எடுத்துப் பரிமாறிட்டீக. போயி மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க. அதுக்காக அடுப்பையே அணைச்சுப்புடணுமா?" என்றாள்.

மறுநாளே சிக்கலுக்குப் போனார். சோணையம்மாள் தோட்டத்தில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். அவர் வெயிலிலேயே நின்று, செய்தது தப்பு என்று சொன்னார். டீக்கடையில் அதே ஆட்களிடமும் போய், தான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று சொல்லப் போவதாகவும் சொன்னார். அவள் மிளகாயைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஆனால் கொஞ்ச நேரத்தில் உள்ளே போய் ஒரு செம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். "மக போயிட்டா" என்றாள். "ஊரே சிரிக்கிறதைப் பாத்து மருமகனே நேரா வந்து, 'அந்த மாட்டை வித்துட்டேன், வா'ன்னு கூப்புட்டான். அதுக்காக நீ செஞ்சது சரின்னு ஆயிறாது."

"ஆகாதும்மா."

"ம். மோரைக் குடி."

வீடு திரும்பியவர் நடந்ததைக் காலிதாவிடம் சொன்னார். சொல்லி முடித்து, "இதை நீ யாருகிட்டயும் சொல்லிறாத" என்றார். காலிதா, "சொல்லக் கூடாதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும்" என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு, "ஊருக்கெல்லாம் போயி என்ன விசேஷம்னு கேக்குறீக. எங்கிட்ட ஒரு தடவை கேட்டிருக்கீகளா?" என்றாள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அது அவருக்கு உறைத்தது. "கேக்குறேன். நான் இல்லாத காலத்துல உனக்கு என்ன விசேஷம்?"

காலிதா கையிலிருந்த வெற்றிலையைக் கீழே வைத்தாள். ஹமீதா பானு பிறந்த சமயத்தில் நடந்ததை அன்றைக்குத்தான் சொன்னாள்.

பிள்ளை பெற்ற கொஞ்ச நாளில் அவளுக்கு ஒரு கட்டி வந்து காய்ச்சல் கண்டது. கூடப் பிறந்தவர்களிடம்கூடச் சொல்லக் கூச்சப்படுகிற இடத்தில் கட்டி. ராமநாதபுரத்திலிருந்து டாக்டரை அழைத்து வந்தார்கள். ஆண் டாக்டர், கூடத்தில் உட்கார்ந்தார். காலிதா திரைக்கு உள்ளே. நடுவில் அண்ணன் ஹாஜா முகைதீன். எங்கே வலி என்று டாக்டர் கேட்டார். அதை அண்ணன் திரைக்கு இந்தப் பக்கம் வந்து கேட்டார். அண்ணனிடம் எப்படிச் சொல்வது? "உள்ளுக்குள்ள வலிக்குது" என்றாள். அண்ணனுக்கும் மேலே கேட்கக் கூச்சம். வெளியே போய், "வயித்துல வலியாம்" என்றார். சாப்பாடு இறங்குகிறதா என்று டாக்டர் கேட்க, காய்ச்சலில் இறங்கவில்லை என்று இவள் சொல்ல, "செரிக்கலையாம்" என்று அண்ணன் சொன்னார். பேதிக்கு மருந்து கொடுத்துவிட்டு டாக்டர் போய்விட்டார். கட்டிக்கு மேல் பேதியும் சேர்ந்தது. கண் செருகிவிட்டது. தெருவில் வேறொரு வீட்டுக்குப் பிரசவம் பார்க்க வந்திருந்த நர்ஸம்மா ஒருத்தி தற்செயலாக எட்டிப் பார்த்தாள். திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, நெற்றியில் கை வைத்து, "எங்கம்மா வலிக்குது? எங்கிட்டச் சொல்லு" என்றாள். அன்றைக்கே கட்டியைக் கீறிவிட்டார்கள். உயிர் திரும்பியது.

சதக்கத்துல்லா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எனக்கு ஏன் சொல்லலை?"

"வந்தப்ப 'சொகமா'ன்னு கேட்டீக. சொகம்னு சொன்னேன்."

அந்த மாதக் கடைசியில் ஜில்லா சுகாதார அதிகாரி ஊருக்கு வருவதாகச் சேதி வந்தது. ஊர் ஆஸ்பத்திரிக்கு ஒரு பெண் டாக்டர் வேண்டும் என்று பெரியவர்கள் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மனு கொடுக்க ஒரு கூட்டம், பேசுவதற்கு வழக்கம்போல் ஹாஜா முகைதீன். அதைக் கேட்டதும் சதக்கத்துல்லாவின் மனதில் காலிதா சொன்னது வந்து நின்றது. இந்த முறை அவசரப்படவில்லை. முதலில் காலிதாவிடம் கேட்டார்.

"ஒரு கூட்டத்துல அதைச் சொல்லலாமா? வேண்டாம்னா விட்டுர்றேன்."

காலிதா யோசித்தாள். "யாரு வீட்டுல நடந்துச்சுன்னு கேட்டா, எங்க வீட்டுலன்னே சொல்லுங்க. இல்லைன்னா கட்டுக்கதைன்னு நெனைப்பாக. ஆனா காக்காகிட்டயும் கேட்டுக்கங்க."

அதைக் கேட்டதும் ஹாஜா முகைதீனுக்கு முகம் சுண்டிப்போனது. "ஊருக்கெல்லாம் பேசுற நான் தங்கச்சி வியாதியைச் சொல்ல முடியாம நின்னேன்னு சொல்லப் போறீயளா மச்சான்? அது எனக்குள்ள இன்னும் அறுத்துக்கிட்டே கெடக்கு."

"வேண்டாம்னா வேண்டாம் மச்சான். இது உங்க சேதியும்தான்."

அவர் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. எழுந்து போய்விட்டார்.

கூட்டம் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிக்கூட வளவில் நடந்தது. பெண்கள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஹாஜா முகைதீன் பேசினார். ஊரின் பழம்பெருமை, கடலோடிய முன்னோர், முத்தும் சங்கும் போன தேசங்கள் என்று அருவி மாதிரி கொட்டினார். அழகான பேச்சுத்தான். ஆனால் இளநீர் குடித்து முடித்த அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்திலிருந்த குமாஸ்தாவிடம் காருக்குச் சொல்லும்படி சைகை காட்டினார். ஹாஜா முகைதீனும் அதைக் கவனித்தார். ஒரு வாக்கியத்தின் நடுவில் நிறுத்தினார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு யாரும் எதிர்பாராத விதமாக, "ஐயா, என் மச்சான் உங்ககிட்ட ஒரு சேதி சொல்லணும். என்னைப் பத்தினதுதான். கேட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

சதக்கத்துல்லா மேடையில் ஏறினார். அத்தனை முகங்களையும் பார்த்தால் ஒன்றும் வராது என்று தெரிந்தது. அதிகாரியை மட்டும் பார்த்தார். சாப்பாட்டுக்கு எதிரே ஒருவர் உட்கார்ந்திருந்தால் எப்படிச் சொல்வாரோ அப்படி ஆரம்பித்தார்.

"என் வீட்டுக்காரிக்கு ஒரு கட்டி வந்துச்சுய்யா. எந்த இடம்னு நான் சொல்லலை. சொல்ல முடியலைங்கிறதுதான் சேதியே."

அதிகாரி கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார்.

டாக்டர் கூடத்தில் உட்கார்ந்ததையும், திரையையும், நடுவில் நின்ற அண்ணனையும் சொன்னார். கேள்வி உள்ளே போகும்போது ஒன்றாகவும், பதில் வெளியே வரும்போது வேறாகவும் மாறியதைச் சொன்னபோது கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. "செரிக்கலையாம்" என்றபோது அதிகாரியும் சிரித்துவிட்டார். முன்வரிசையில் ஹாஜா முகைதீன் தலையைக் குனிந்துகொண்டே தானும் சிரித்தார். பேதி மருந்துக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று சொன்னபோது சிரிப்பு தானாக நின்றது. சதக்கத்துல்லாவும் அங்கே நிறுத்தினார்.

"அப்புறம்? அந்தம்மாவுக்கு என்ன ஆச்சு?" என்றார் அதிகாரி.

அந்தக் கேள்வி வந்ததும் சதக்கத்துல்லாவுக்குப் பயம் விட்டுப்போனது. நர்ஸம்மா திரையை விலக்கியதையும், அவள் கேட்ட கேள்வியையும் சொன்னார். "டாக்டருமேல ஒரு குத்தமும் இல்லைய்யா. என் மச்சான்மேலயும் இல்லை. இந்த ஊருல ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு திரை இருக்கு. அதைத் தாண்டி உள்ள வந்து கேக்க ஒரு அம்மா வேணும். அவ்வளவுதான்."

இறங்கிவிட்டார். கைதட்டல் ஒன்றும் பெரிதாக இல்லை. திரைக்குப் பின்னால் மட்டும் ஒரு சலசலப்பு எழுந்தது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அதிகாரி ஹாஜா முகைதீனை அருகே கூப்பிட்டு ஏதோ கேட்டார், அவர் ஆமாம் என்று தலையசைத்தார். போகும்போது அதிகாரி, "உத்தரவு போட எனக்கு அதிகாரம் இல்லை. ஆனா நீங்க சொன்னதை அப்படியே மேல சொல்றேன்" என்றார்.

மேலே எப்படிச் சொன்னாரோ, எவ்வளவு தூரம் போயிற்றோ தெரியாது. நிரந்தரமாக ஒரு டாக்டர் கிடைக்கவில்லை. ஆனால் ஐப்பசி மழைக்கு முன்னால், வாரம் ஒருநாள் ராமநாதபுரத்திலிருந்து ஒரு பெண் டாக்டர் வந்துபோவார் என்று ஏற்பாடாயிற்று. கூத்தையா தன் பஸ்ஸில் முன் சீட்டைத் துடைத்துவைத்து அழைத்து வந்தார். தெரு முழுக்கப் பெண்கள் போர்த்திய வெள்ளைத் துப்பட்டிகள் ஆஸ்பத்திரியைப் பார்த்து நகர்ந்தன. ஹாஜா முகைதீன் தம் வீட்டுப் பெண்களை முதல் ஆளாக அனுப்பிவைத்திருந்தார். காலிதாவும் போனாள். வியாதி ஒன்றும் இல்லை. அவ்வப்போது தலைசுற்றுகிறது, கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனாள்.

அன்று சதக்கத்துல்லாவுக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. பகலிலேயே பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து காத்திருந்தார். காலிதா வந்து துப்பட்டியை மடித்து வைப்பதற்குள், "என்ன சொன்னாக டாக்டரம்மா?" என்று கேட்டார்.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லையாம், ரத்தம் கொஞ்சம் கம்மியாம்" என்று ஆரம்பித்தவள், சட்டென்று நிறுத்தினாள். தண்ணீர் எடுத்துக் குடித்தாள். அவருக்கு எதிரே வசதியாகக் காலை மடக்கி உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்த ஹமீதா பானு பையைக்கூட இறக்காமல் அருகில் ஒட்டிக்கொண்டாள்.

"இருங்க, மொதல்லேருந்து சொல்றேன். நான் போனப்ப எனக்கு முன்னாடி பத்துப் பதினைஞ்சு பேரு. டாக்டரம்மா சின்ன வயசுக்காரவுகதான். எங்களைப் பாத்ததும் மொதல் வேலையா என்ன செஞ்சாக தெரியுமா?"

"என்ன செஞ்சாக?" என்றார் சதக்கத்துல்லா, முன்னால் நகர்ந்து உட்கார்ந்து.